மணக்காத பூக்கள்

எங்கள் வீட்டுப் பின்பக்கத்தில் மல்லிகை கிடையாது. பிச்சியும் கிடையாது. நான் பூச்செடி வைத்திருப்பதைக் கேள்விப்பட்டு வருகிற பெண்கள் முதலில் அதைத்தான் கேட்பார்கள். எங்கள் உப்புத் தண்ணிக்கு வராது என்று சொல்லிவிடுவேன். அது பாதி உண்மை. மீதியைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முத்தையாபுரம் தாண்டி உப்பளங்களை ஒட்டி எங்கள் தெரு இருக்கிறது. கிழக்கே பார்த்தால் உப்புப் பாத்திகள், அவற்றுக்கு அப்பால் துறைமுகத்துக் கிரேன்கள். அம்மா பாவாடை கட்டிய வயதிலேயே அளத்து வேலைக்குப் போனவள். லோடு லாரியில் போய்க்கொண்டிருந்த அப்பா நான் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே இறந்துபோனார். அதன் பிறகு நானும் அம்மாவும்தான்.

எங்கள் குடும்பத்தில் கைநாட்டு வைக்காத முதல் ஆள் நான். அதோடு நிற்கவும் இல்லை. பி.காம். முடித்து, துறைமுகச் சாலையில் ஒரு கப்பல் ஏஜென்சியில் கன்டெய்னர்களுக்கான பேப்பர்களைச் சரிபார்க்கும் வேலையில் இருக்கிறேன். இதைச் சொல்லும்போது என் குரல் கொஞ்சம் உயரும் என்று கூட வேலை பார்ப்பவர்கள் கேலி செய்வார்கள். உயரட்டும். அம்மா உப்பில் நின்று வாங்கிக் கொடுத்த குரல் அது.

அம்மாவின் கண் கெட்டுக்கொண்டு வந்தது எங்கள் யாருக்கும் தெரியவில்லை. அளத்தில் வேலை செய்கிற எல்லோருக்கும் கண் கூசும், தண்ணீர் வடியும், சிவந்து கிடக்கும். அம்மா பக்கத்தில் இருக்கும் சொம்பைக் காலால் தட்டிவிட்டால் அவசரம் என்று நினைத்தோம். நிலைப்படியில் தோளை இடித்துக்கொண்டால் அலுப்பு என்று நினைத்தோம். ஒருநாள் உப்புப் பெட்டியோடு வரப்பிலிருந்து சரிந்து பாத்திக்குள் விழுந்தாள். "மைனிக்கு வரப்பு தெரியல" என்று பக்கத்து வீட்டு அத்தைதான் வந்து சொன்னாள். அத்தையும் அம்மாவும் ஒரே அளத்தில் சேர்ந்து வேலை செய்தவர்கள். அம்மா அவளுக்கு மைனி.

திருநெல்வேலியில் ஒரு கண் மருத்துவமனைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். படிக்கத் தெரியுமா என்று அங்கே இருந்த நர்ஸ் கேட்டாள்.

"எனக்குத் தெரியாது. எம் மவ படிப்பா" என்றாள் அம்மா.

எழுத்து தெரியாதவர்களுக்கென்று வேறொரு அட்டை இருந்தது. சீப்பு போன்ற ஒரு உருவம், பல் எந்தப் பக்கம் இருக்கிறது என்று விரலைக் காட்டினால் போதும். கடைசி வரிசை வரைக்கும் சரியாகக் காட்டிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். நானும் கண் நன்றாகத்தான் இருக்கிறது என்று நினைத்துவிட்டேன். அதற்குப் பிறகு ஒரு மெஷினுக்குள் முகத்தை வைக்கச் சொன்னார்கள். உள்ளே அங்கங்கே சின்ன வெளிச்சம் வரும், தெரியும்போதெல்லாம் கையிலிருக்கும் பட்டனை அமுக்க வேண்டும். அம்மா விடாமல் அமுக்கிக்கொண்டே இருந்தாள்.

"அம்மா, வெளிச்சம் தெரிஞ்சா மட்டும் அமுக்கணும்" என்றான் மெஷின்காரன்.

"தெரியுது தம்பி."

"இப்போ வெளிச்சமே போடலையேம்மா."

அவன் முதலிலிருந்து ஆரம்பித்தான். வெளியே வந்த பிறகு ஏன் அப்படிச் செய்தாய் என்று கேட்டேன்.

"தெரியலன்னா பெயிலாக்கிருவாவன்னு நெனச்சேன்."

"இது பரிட்சை இல்லம்மா."

"ஆஸ்பத்திரின்னாலே பரிட்சைதாம்ளா. நீ பாஸானவ, ஒனக்குத் தெரியாது."

நான் சிரித்தேன். அப்போது சிரிக்க முடிந்தது.

கண்ணுக்குள்ளே அழுத்தம் கூடி நரம்பு பட்டுப்போயிருக்கிறது என்றார் டாக்டர். ஓரத்துப் பார்வை முழுக்கப் போய்விட்டது, நடுவில் மட்டும் ஒரு துவாரம் போல மிச்சம் இருக்கிறது, அது வழியாகத்தான் அட்டையைப் பார்த்துச் சொல்லியிருக்கிறாள். உப்பு வெளிச்சத்தால் வந்த நோயா என்று கேட்டேன். இல்லை, யாருக்கும் வரக்கூடியது என்றார். ஆனால் வேறு யாராக இருந்தாலும் கண்ணில் ஏதோ கோளாறு என்று முன்பே வந்திருப்பார்கள். அளத்துக்காரிகளுக்குக் கண் கோளாறு என்பது கண்ணோடு பிறந்தது. போனது திரும்பாது, மிச்சத்தை மருந்து விட்டுக் கொஞ்ச காலம் பிடித்துவைக்கலாம் என்றார் டாக்டர். எவ்வளவு காலம் என்று கேட்டேன். அடுத்த வருஷம் பார்ப்போம் என்று சொன்னாரே தவிர, என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

திரும்பி வரும் பஸ்ஸில் அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். வாகைக்குளம் தாண்டும்போது ஒரு வீட்டு மதில் மேல் காகிதப்பூ ரோஜா நிறத்தில் கவிழ்ந்து கிடந்தது. பஸ் தாண்டிப் போன பிறகும் அம்மா தலையைத் திருப்பி அதையே பார்த்தாள்.

"வேலைக்குப் போற வழியில இப்படித்தான் ஒரு வீட்டு வேலியில கெடக்கும்" என்றாள். "அதைப் பாத்துட்டுத்தான் அளத்துல எறங்குவேன். எறங்கிட்டா அப்புறம் பொழுதடையுத வரைக்கும் வெள்ளைதான. எனக்குன்னு நின்னு பாத்தது அந்த ஒண்ணுதாம்ளா."

அம்மாவின் கண் அணைவதற்குள் அது நிறைய நிறம் பார்த்துவிட வேண்டும் என்று அந்த பஸ்ஸிலேயே முடிவு செய்தேன். எங்கள் வீட்டில் எதையும் நான் முடிவு செய்தால் அது நடக்கும். காலேஜ் அப்படித்தான் நடந்தது.

வீட்டுப் பின்னால் கொஞ்சம் இடம் கிடந்தது. வெயில் காலத்தில் அதன் மேல் பொடி உப்பு பூத்து நிற்கும். கருவேலம் தவிர எதுவும் முளைத்ததில்லை. ஆபீஸில் வீணாகிற பேப்பரின் பின்பக்கத்தில் படம் வரைந்தேன். குழாய்த் தண்ணி எங்களுக்குக் குடிக்கவே காணாது, அதனால் மழைத் தண்ணியும் அரிசி களைந்த தண்ணியும்தான் செடிக்கு. விலைக்கு உரம், பூச்சி மருந்து எதுவும் கூடாது. ஒருமுறை வைத்தால் தன் விதையைத் தானே உதிர்த்து மறுபடி முளைக்கிற செடியாக இருக்க வேண்டும், நான் வேலைக்குப் போகிறவள். கேந்தி, கோழிக்கொண்டை, வாடாமல்லி, நித்தியகல்யாணி என்று எழுதினேன். மல்லிகையையும் பிச்சியையும் எழுதி, பிறகு அடித்தேன். அவற்றுக்கு நல்ல தண்ணி வேண்டும் என்பது ஒரு காரணம். மணம் எங்கேயும் போய்விடாது, நிறத்துக்குத்தான் அவசரம் என்பது இன்னொரு காரணம். வெள்ளைப் பூ எதுவும் வேண்டாம் என்பதில் உறுதியாக இருந்தேன்.

அடியிலிருந்து உப்பு ஏறிவிடாமல் இருக்க முதலில் உடைந்த ஓடுகளையும் தேங்காய் மட்டையையும் பரப்பினேன். அதன் மேல் தேரிக்காட்டுப் பக்கமிருந்து வந்த செம்மண், ஆட்டுப் புழுக்கை, மக்கிய இலை. கணுக்கால் உயரத்துக்குப் பாத்தி எழும்பியது. தகரக் கூரையிலிருந்து விழும் மழைத் தண்ணியைப் பிடிக்க ஒரு பெரிய டிரம் வைத்தேன். பக்கத்து வீட்டு அத்தை வேலியில் கையைப் போட்டுக்கொண்டு இதையெல்லாம் பார்ப்பாள்.

"ஏளா, உப்புல பூ பூக்கும்னு எந்தக் காலேஜுல சொல்லிக்குடுத்தாவ?"

"காலேஜுல இல்ல அத்தை. செல்லுல பாத்தேன்."

"செல்லுல பூத்துரும். இங்கன பூக்கணும்லா."

நித்தியகல்யாணி விதையைச் சுடுகாட்டு ஓரத்திலிருந்து எடுத்து வந்தேன் என்று தெரிந்ததும் அவளுக்கு இன்னும் வசதியாகப் போயிற்று. "என்ன மைனி, சுடுகாட்டுப் பூவ வீட்டுக்குள்ள கொண்டு வாரா ஒம் மவ. நீயும் பாத்துட்டு இருக்க."

"தண்ணி ஊத்த ஆளில்லாத எடத்துல பூக்குதுல்லா" என்றாள் அம்மா. "அதுதாம்ளா கெட்டிக்காரப் பூ."

அந்த நாட்களில் அம்மா சந்தோஷமாக இருந்தாள் என்றுதான் நினைக்கிறேன். மண்ணைச் சலித்துக் கொடுப்பாள். எது முதலில் பூக்கும் என்று கேட்பாள். கேந்திதான் முதலில், நல்ல மஞ்சள் என்று சொல்லிவைத்தேன். அதற்குப் பிறகு கோழிக்கொண்டை, ரத்தச் சிவப்பு. எல்லாவற்றையும் மனப்பாடம் செய்கிறவள் போலத் தலையை ஆட்டிக் கேட்டுக்கொள்வாள்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் விதை அழுகிவிடும் என்பதால் மழை அடங்கக் காத்திருந்து மார்கழிக் கடைசியில் விதைத்தேன். பொங்கலுக்கு முன்பே முளைத்துவிட்டது. ஊசி முனை அளவில் இரண்டு இரண்டு இலைகள். காலையில் குனிந்து பக்கவாட்டில் பார்த்தால் பாத்தி முழுக்கப் பச்சையாகத் தெரியும். நின்றபடி பார்த்தால் மண் மட்டும்தான் தெரியும். விதைத்ததையும் முளைத்ததையும் அம்மாவுக்குச் சொன்னேனா என்று பல தடவை யோசித்திருக்கிறேன். நன்றாகப் பெரிதான பிறகு ஒரேயடியாகக் காட்டலாம் என்று வைத்திருந்தேன்.

தை பிறந்ததும் அளத்தில் மிதி தொடங்கும். மழைக்குப் பிறகு உப்புப் பாத்திகளின் தரை சேறாகிக் கிடக்கும். அதை ஆட்கள் வரிசையாக நின்று, குதிங்காலோடு குதிங்கால் சேர்த்து, நாள் கணக்கில் மிதிக்க வேண்டும். தரை சிமென்ட் மாதிரி இறுக வேண்டும், ஒரு சொட்டுத் தண்ணீர் கீழே இறங்கக் கூடாது. அப்போதுதான் உப்பு விளையும், விளைந்த உப்பில் மண் ஒட்டாது. அம்மா மிதித்த பாத்தியில் முகம் பார்க்கலாம் என்று கங்காணிகள் சொல்வார்கள். அந்த வருஷம் அவளை மிதிக்குக் கூப்பிடவில்லை. வரப்பிலிருந்து விழுந்தவளைக் கூப்பிட யாருக்கும் தைரியம் இல்லை. விடியும்போது பெண்கள் தூக்குவாளியோடு தெருவில் பேசிக்கொண்டு போனார்கள். அம்மா வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். நான் ஆபீஸுக்குப் புறப்பட்டுப் போனேன்.

சாயங்காலம் தெரு முனையில் அத்தை என்னை நிறுத்தினாள். வேலை முடித்து வந்தவள் கால் கூடக் கழுவவில்லை.

"பொறத்தால போயிப் பாத்து ஒண்ணுஞ் சொல்லிராத பிள்ள" என்றாள். "நான் பாத்துட்டு வாயத் தொறக்கல. அவ சிரிச்சுக்கிட்டு இருக்கா."

பின்வாசல் படியில் அம்மா உட்கார்ந்திருந்தாள். முழங்காலுக்குக் கீழே செம்மண் காய்ந்து வெடித்திருந்தது. டிரம்மில் பாதித் தண்ணீர் இல்லை. பாத்தி சமதளமாக, இறுகி, சாயங்கால வெளிச்சத்தில் பளபளவென்று கிடந்தது. ஓரங்களைக் கையாலேயே தடவித் தடவி நேர் பிடித்திருந்தாள். ஒரு முளை இல்லை.

"நீ அரைகுறையா விட்டுட்டுப் போயிருந்தியா, மண்ணு பொலபொலன்னு கெடந்துச்சு" என்றாள். "காலம்பரயிருந்து மிதிச்சேன். எப்படி இருக்கு, சொல்லு."

அந்த முகத்தில் வேலைக்குப் போய் வந்த களை இருந்தது. அப்படி ஒரு களையை அவள் முகத்தில் பார்த்து ரொம்ப நாள் ஆகியிருந்தது.

"கண்ணாடி மாதிரி இருக்கும்மா" என்றேன்.

"பின்ன? வேலைக்கு ஆகமாட்டேன்னு நெனச்சிட்டானுவ."

அன்று அவளுடைய காலுக்கு நான்தான் தண்ணீர் ஊற்றினேன். விரல் இடுக்குகளிலிருந்து மண் கரைந்து போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கேந்தி எது, வாடாமல்லி எது என்று அந்த மண்ணில் யார் கண்டுபிடிப்பது?

அடுத்த நாளிலிருந்து அம்மா குளிக்கப் போகிற நேரம் பார்த்துப் பாத்தியைக் கொத்தினேன். களைக்கொத்து உள்ளே இறங்கவில்லை. அவள் அவ்வளவு நன்றாக மிதித்திருந்தாள். நனைய வைத்து, நனைய வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகப் பெயர்த்தேன். மிச்சமிருந்த விதையை அதில் போட்டேன். விதை போட்டாயிற்று என்று மட்டும் அம்மாவிடம் சொன்னேன். மழையும் இல்லை, தண்ணியும் குறைவு, கிழக்குக் காற்றில் உப்பு வேறு. "முளைச்சிருச்சா?" என்று அம்மா கேட்பாள். "வரும்மா" என்பேன். அந்த நாட்களில் அவள் சாப்பாட்டுத் தட்டைக் கோழி மாதிரி தலையைச் சாய்த்துச் சாய்த்துத் தேடத் தொடங்கியிருந்தாள். முன்பு அவளே ஊசியில் நூல் கோர்ப்பாள். பிறகு என்னிடம் கொடுத்தாள். பிறகு தைப்பதையே விட்டுவிட்டாள். மண்ணுக்குள் விதையும் அவள் கண்ணுக்குள் அந்தத் துவாரமும் ஒன்றை ஒன்று முந்தப் பார்ப்பது போல எனக்கு இருக்கும். ஆபீஸில் உட்கார்ந்து கன்டெய்னர் எண்களைச் சரிபார்க்கும்போது கூட அந்த நினைப்புத்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் பின்பக்கம் நடந்து வந்து பாத்தி ஓரத்தில் ஒரு காலை வைத்தாள். வைத்த காலை உடனே எடுத்தாள்.

"மண்ணு கொழகொழன்னு கெடக்கு. நான் மிதிச்சத யாரு கொத்துனா?"

நான் டிரம் பக்கம் நின்றேன். ஏதாவது சொல்லியிருக்கலாம். எலி தோண்டியது, நாய் கிளறியது, என்ன வேண்டுமானாலும். நான் சும்மா நின்றதே அவளுக்குப் போதுமாக இருந்தது.

"அன்னைக்கு முளைச்சிருந்துச்சா?"

"கொஞ்சம்தாம்மா."

படியில் உட்கார்ந்தாள். இடது காலைத் தூக்கி மடியில் வைத்து உள்ளங்காலைத் தடவினாள். உப்பில் நின்று நின்று தோல் கட்டி தட்டி, குறுக்கும் நெடுக்குமாக வெடித்த கால் அது. ஆணி குத்தினாலும் ரத்தம் வந்த பிறகுதான் தெரியும் என்று பெருமையாகச் சொல்வாள்.

"முளைன்னா காலுல தட்டுப்படணும்லா" என்றாள். "ஒண்ணுமே தட்டுப்படலயேளா எனக்கு."

அழவில்லை. அன்றிலிருந்து பாத்திரம் கழுவுவதை வாசல் பக்கம் மாற்றிக்கொண்டாள். துணி காயப்போடக் கூடப் பின்பக்கம் வரவில்லை. நான் கூப்பிட்டால், "நீ பாரு, எனக்கென்ன தெரியும்" என்பாள். நான் எத்தனையோ பேரோடு சண்டை போட்டு ஜெயித்திருக்கிறேன். ஃபீஸ் கட்டப் பிந்தியதற்கு வெளியே நிறுத்திய டீச்சரோடு, பெண் பிள்ளைக்கு எதற்கு இவ்வளவு படிப்பு என்ற மாமாவோடு. அம்மாவின் அந்த ஒரு வரியிடம் தோற்றுப்போனேன்.

இரண்டாவது விதைப்பில் பெரும்பாலும் வரவில்லை. கேந்தி முழுக்கப் போய்விட்டது. வாடாமல்லி நான்கைந்து வந்து உப்புக் காற்றில் நுனி கருகி நின்றது. கோழிக்கொண்டை மட்டும் தாக்குப்பிடித்தது. சித்திரை வெயிலில் ஒரு செடி கொண்டை விட்டது. ரத்தச் சிவப்பு என்று நான் சொல்லிவைத்திருந்ததை விடவும் அடர்த்தியான சிவப்பு. அந்த வெளுத்த இடத்தில் அது இருப்பதை நம்ப முடியவில்லை.

ஓடிப்போய் அம்மாவைக் கூப்பிட்டேன். பூத்திருக்கிறது, வந்து பார் என்று மட்டும்தான் சொன்னேன். எந்தப் பூ என்று சொல்லவில்லை. இந்த முறை வந்தாள். என் தோளைப் பிடித்துக்கொண்டு, மண்ணில் கால் பட்டுவிடாமல் அடி அடியாக எடுத்து வைத்து வந்தாள். ஸ்டூலைப் போட்டு உட்காரவைத்து, அந்தச் செடியை வளைத்து அவள் முகத்துக்கு நேரே பிடித்தேன். துவாரம் எங்கே இருக்கிறது என்று தெரியாததால் கொஞ்சம் இடது பக்கம், கொஞ்சம் வலது பக்கம், கொஞ்சம் மேலே என்று நகர்த்தினேன். அவள் கை இரண்டும் மடியில் இருந்தன. தொட்டுப் பார்க்கவில்லை. தொட்டால் அது கண் தெரியாதவர்கள் பார்க்கிற விதம் ஆகிவிடும்.

ரொம்ப நேரம் பார்த்தாள்.

"தெரியுதாம்மா?"

"தெரியாம என்ன" என்றாள். "நல்ல மஞ்சள்."

வேலிக்கு அந்தப் பக்கம் அத்தை நின்றுகொண்டிருந்தாள். நான் அவளைப் பார்த்தேன். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள். என் கையில் அந்தச் சிவப்பு ஆடிக்கொண்டிருந்தது. மெஷினுக்குள் முகத்தை வைத்துக்கொண்டு, வெளிச்சம் வந்தாலும் வராவிட்டாலும் பட்டனை அமுக்கிக்கொண்டே இருந்தாளே, அது நினைவுக்கு வந்தது. அன்று தனக்காக அமுக்கினாள்.

"ஆமாம்மா" என்றேன். "நல்ல மஞ்சள்."

அதற்குப் பிறகு சொட்டு மருந்து நிற்கவில்லை, டாக்டரிடம் போவதும் நிற்கவில்லை. ஆனால் நானும் அவளும் கண்ணைப் பற்றிப் பேசிக்கொள்வதில்லை. ஆடி மாதம் அத்தை ஒரு டின்னில் வேர் பிடித்த பிச்சிக் கம்பைக் கொண்டு வந்தாள்.

"இனிமே அவளுக்கு மணந்தாம்ளா" என்றாள் மெதுவாக. "எங்க வீட்டுத் தண்ணியில ஒரு கொடம் தாரேன். வையி."

அவள் சொன்னது சரி. அந்த இடத்தில் யாராக இருந்தாலும் வாங்கி வைத்திருப்பார்கள். ஆனால் பிச்சி பூத்து மணத்தால் அம்மா என்ன நினைப்பாள்? தனக்குத் தெரியவில்லை என்பது எனக்குத் தெரிந்துவிட்டது என்று நினைப்பாள். மஞ்சள் என்று சொன்ன அன்றே தெரிந்துவிட்டது என்று நினைப்பாள். எனக்காக அவள் இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அதை நான் எப்படி நிறுத்துவது?

"நம்ம மண்ணுக்கு வராது அத்தை" என்றேன்.

அத்தை என்னை உற்றுப் பார்த்தாள். டின்னைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விட்டாள். இப்போது அவர்கள் வீட்டு முன்பக்கம் படர்ந்திருக்கிறது. காற்று திரும்புகிற நேரம் எங்கள் வீட்டுக்கும் மணம் வரும். அம்மா ஒன்றும் சொல்வதில்லை, நானும் சொல்வதில்லை.

கோழிக்கொண்டை தானே விதை உதிர்த்து மறுபடி முளைத்தது. புது விதை வாங்கிப் போட்டதில் இந்த வருஷம் கேந்தியும் வந்துவிட்டது, நிஜமான மஞ்சளிலேயே. அதோடு போட்ட நித்தியகல்யாணிக்கு யாரும் தண்ணீர் ஊற்ற வேண்டியதில்லை. நான் வேலையிலிருந்து வரும்போது அம்மா பின்பக்கம் ஸ்டூலைத் தானே போட்டு உட்கார்ந்திருப்பாள். அன்றைக்கு என்னென்ன பூத்திருக்கிறது என்று எனக்குச் சொல்வாள். சில நாள் சரியாக இருக்கும், சில நாள் தப்பாக இருக்கும். எல்லாவற்றுக்கும் ஆமாம் என்பேன்.

ஸ்டூல் கொஞ்சம் கோணலாகத்தான் கிடக்கும். பாத்தி அவளுக்கு இடது பக்கத்தில் இருக்கும், அவள் முகம் காரை பெயர்ந்த வெற்றுச் சுவரைப் பார்த்து இருக்கும். அவளைத் திருப்பி உட்காரவைக்க என்னால் முடியவில்லை. அதனால் போன மழைக்குப் பிறகு அந்தச் சுவரோரம் ஓடுகளையும் மட்டையையும் பரப்பி, செம்மண் போட்டு, அவள் பார்க்கிற பக்கத்தில் இன்னொரு பாத்தி போட்டேன்.